ஆலயத்துக்குள்ளேயே தொலைந்த புத்தகம்: வேதத்தை மதித்து வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் வியாழக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடக்கும். சில வருஷங்களாக அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பாடம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் ஜனங்கள் மனதில் இருப்பதைக் கேட்பார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் அன்று வாயில் வராமல், வீட்டுக்கு வந்து யோசித்தவை. வசனங்கள் எல்லாம் நம் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

வீட்டில் ஆளுக்கொரு பைபிள் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. இதில் அலட்சியம் எங்கே வந்தது?

இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யோசியா ராஜா எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்கிறான். ஜனங்கள் கொடுத்த காணிக்கையை எண்ணித் தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. அந்த வேலைக்கு நடுவே பிரதான ஆசாரியன் இல்க்கியா, நியாயப்பிரமாண புஸ்தகத்தை, அதாவது தேவனுடைய கட்டளைகள் எழுதிய புத்தகத்தை, ஆலயத்தில் கண்டெடுத்ததாகச் சொல்கிறான்.

புத்தகம் தொலைந்தது காட்டிலோ சந்தையிலோ இல்லை, ஆலயத்துக்குள்ளேயே. ஆசாரியர்கள் இருந்தார்கள், வாசல் காக்கிறவர்கள் இருந்தார்கள், காணிக்கை வந்துகொண்டிருந்தது. புத்தகம் இல்லாததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சம்பிரதியான, அதாவது அரண்மனை எழுத்தரான சாப்பான் ராஜாவிடம் போய் முதலில் பணக் கணக்கைச் சொல்கிறான். அதன் பிறகே, இல்க்கியா ஒரு புஸ்தகம் கொடுத்தான் என்கிறான். "ஒரு புஸ்தகம்", அவ்வளவுதான். அதை வாசிக்கக் கேட்ட ராஜா மட்டும் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான்.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் நிலைமை ஞாபகம் வரும். நான் ஞாயிறு பள்ளியில் 11 வருஷம் பாடம் எடுத்தேன். அதில் நாலைந்து வருஷம் சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் பாடத்துக்காக மட்டுமே பைபிளைத் திறந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பேன். எனக்கு ஏதாவது சொல்லப்படுகிறதா என்று கேட்கவில்லை. அந்த நாட்களில் யாராவது என்னிடம் "வேதத்தை மதிக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தால், ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அலட்சியம் வெறுப்பைப் போல முகத்தைக் காட்டிக்கொண்டு வராது. வழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

தமிழில் பைபிள் நமக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்வியை நான் சுருக்கமாக முடிக்கமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1706 ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பியவர்கள். சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. ஒரு வயதான வாத்தியாரையும் அவருடைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளையும் வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அ, ஆ கற்றார். அழகப்பன் என்ற பன்மொழி தெரிந்தவர் அவருக்குப் பேச்சு கற்றுக்கொடுத்தார். இவர்கள் இல்லாமல் அந்த மொழிபெயர்ப்பு நடந்திருக்காது. வெளிநாட்டு மிஷனரி வந்தார், பைபிள் கொடுத்தார் என்று நாம் பாதிக் கதைதான் சொல்கிறோம்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநர் அவரைப் பிடித்து டான்ஸ்பர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதச் சிறை. வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், 1711 மார்ச்சில் முடித்தார்.

முடித்தாலும் அச்சிட இயந்திரம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஒன்றை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். கூட வந்த அச்சாளர் இங்கே வந்து சேருமுன் இறந்துபோனார். ஒருவழியாக இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. ஆனால் எழுத்து மிகப் பெரிது, காகிதமோ குறைவு. அப்படியே அச்சிட்டால் காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? ஐரோப்பாவிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள். பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள்.

1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வந்தன. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். சீகன்பால்க் பழைய ஏற்பாட்டையும் ஆரம்பித்து ரூத் புத்தகம் வரை வந்தார். 1719 பிப்ரவரியில் இறந்துவிட்டார். வயது 36. தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் பண்ணினார்கள். மிச்சத்தை அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ச் முடித்தார், 1728இல் தமிழ் பைபிள் முழுமை பெற்றது.

அதன் பிறகும் வேலை ஓயவில்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கே கைப்பற்றிய அச்சு இயந்திரம் சென்னை வேப்பேரிக்கு வந்தது. அங்கேதான் பப்ரீஷியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி தன்னுடைய புதிய ஏற்பாட்டை 1772இல் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளியானது. அவருக்குத் தமிழ்ப் பண்டிதராக உடனிருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். ஆமாம், சைவத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய அதே நாவலர்தான். நம் வேதத்தின் தமிழுக்கு அவருடைய உழைப்பும் சேர்ந்திருக்கிறது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். கடைசியாக ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு, வித்வான் முத்தையா பிள்ளையின் துணையோடு வருஷக்கணக்காக உட்கார்ந்து திருத்திய வேதாகமம் 1871இல் வந்தது. இன்று நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்துப்போவது பெரும்பாலும் அதுதான்.

இதெல்லாம் 300 வருஷத்துக் கதை. தெரிந்துகொண்டால் என் பைபிள் வாசிப்பு மாறிவிடுமா?

தானாக மாறாது. ஆனால் ஒரு பொருள் என்ன விலைக்கு வந்தது என்று தெரிந்தவர் அதைக் கையாளுகிற விதம் வேறாக இருக்கும்.

வேல்ஸ் தேசத்தில் மேரி ஜோன்ஸ் என்று ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். தன் மொழியில் ஒரு பைபிள் வாங்குவதற்காக ஆறு வருஷம் காசு சேர்த்தாள். 1800இல், 15 வயதில், சுமார் 40 கிலோமீட்டர் நடந்துபோய் பாலா என்ற ஊரில் தாமஸ் சார்லஸ் என்ற போதகரிடம் வாங்கினாள். இப்படிப்பட்டவர்களுக்கு மலிவாக பைபிள் கிடைக்கவேண்டும் என்ற பாரம் சார்லஸுக்கும் அவரோடு இருந்தவர்களுக்கும் இருந்தது. 1804இல் வேதாகமச் சங்கம் லண்டனில் பிறந்தது. நம் ஊரில் இன்றும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் புதிய ஏற்பாடு வாங்க முடிகிறது என்றால், அதன் பின்னால் இப்படிப்பட்ட சங்கங்களும் காணிக்கை போட்ட பெயர் தெரியாத ஜனங்களும் இருக்கிறார்கள். எளிதாகக் கிடைக்கவேண்டும் என்று அவர்கள் பாடுபட்டார்கள். அப்படி எளிதாகக் கிடைத்ததாலேயே நாம் அதை லேசாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வலிக்கிறது.

பைபிளைத் தரையில் வைக்கக்கூடாதா? அதில் அடிக்கோடு போடலாமா?

எங்கள் வீட்டில் பைபிள்மேல் வேறு புத்தகம் வைத்தாலே அப்பா எடுத்துவிடுவார். அந்த மரியாதையை நான் குறை சொல்லமாட்டேன், இன்றும் என் கை அதையே செய்கிறது. ஆனால் ஜிப் வைத்த உறையும் தலையணைக்கு அடியில் வைக்கிற பழக்கமும் வாசிப்புக்கு ஈடாகாது. தாராளமாக அடிக்கோடு போடுங்கள். தேதியும் எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தத் தேதி உங்களோடு பேசும்.

வாசிக்க உட்கார்ந்தால் மனம் ஒட்டவில்லை. கண் ஓடுகிறது, மண்டையில் ஏறவில்லை. நான் பின்மாற்றத்தில், அதாவது விசுவாசத்தில் பின்வாங்கி, இருக்கிறேனா?

அதிகம் பேர் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. முதலில் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நாள் முழுக்க வேலை, பஸ், சமையல், பிள்ளைகள் பாடம் எல்லாம் முடித்து ராத்திரி பத்தரைக்குத் திறந்தால் யாருக்கும் கண் சொக்கத்தான் செய்யும். அது களைப்பு, பாவம் இல்லை. நேரத்தை மாற்றுங்கள். காலையில் டீ கொதிக்கிற பத்து நிமிஷம் போதும்.

அடுத்தது அளவு. பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளைக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல் வாசிக்கவேண்டும். ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்குகிறோம், பிப்ரவரியில் யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற ஆராதனைக் கூடாரத்தின் பலகைகளுக்கு வரும்போது நின்றுபோகிறோம். விட்டுப்போன அதிகாரங்கள் கடன்போல ஏறுகின்றன. பிறகு அந்த அட்டவணையைப் பார்க்கவே பயம். முழு பைபிளையும் வாசிக்கவேண்டும் என்றே நானும் சொல்வேன். ஒரு வருஷத்தில் முடிக்கவேண்டும் என்று மட்டும் வேதம் எங்கும் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் நான்கரை வருஷம் எடுத்துக்கொண்டு வாசித்து முடித்தார். எரேமியா புலம்பலில் ஒரு மாதம் நின்றுவிட்டதாகச் சொன்னார். அந்த மாதம் அவர் மனைவியை இழந்திருந்தார். நின்று வாசிக்கவேண்டிய இடத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

மூன்றாவது, வாய்விட்டு வாசியுங்கள். கண் ஓடும், வாய் அவ்வளவு வேகமாக ஓடாது. பழைய மொழிபெயர்ப்பின் வாக்கியங்கள் காதுக்காகவே கட்டப்பட்டவை. "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது" என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். காலுக்குத் தீபம் என்றால் அடுத்த அடி தெரிகிற அளவுக்குத்தான் வெளிச்சம். கையில் அகல் விளக்கோடு இருட்டு வரப்பில் நடந்தவர்களுக்கு அது உடனே புரியும். பத்து வருஷத்துக்குப் பின் நடப்பதையெல்லாம் காட்டும்படி அந்த வசனத்திடம் நாம் எதிர்பார்க்கிறோம். அதனாலேயே பாதி ஏமாற்றம்.

சரி, நேரம் மாற்றியும் அளவைக் குறைத்தும் மனம் கல்லாகவே இருந்தால்? அப்போது ஒன்றை உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாசித்த ஏதாவது ஒன்றைக் கேட்டும் கேளாததுபோல் விட்டிருக்கிறேனா? மன்னிக்கவேண்டிய அண்ணன், திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம்? எசேக்கியேல் 33இல், ஜனங்கள் தீர்க்கதரிசியை இனிய குரலில் பாடுகிறவனைப்போல் ரசித்துக் கேட்கிறார்கள், ஆனால் அதன்படி செய்வதில்லை என்று கர்த்தர் வருத்தப்படுகிறார். செய்யாமல் விட்ட வார்த்தை அடுத்த வார்த்தைக்கு வழி விடாது. என் அனுபவத்தில் பல வறட்சிகளுக்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

லேவியராகமம், வம்சவரலாறு இதையெல்லாம் தாண்டிப்போகலாமா?

முதல் தடவை வேண்டுமானால் வேகமாகப் போங்கள். ஆனால் லேவியராகமம் 19இல் மட்டும் நில்லுங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திராதே என்று வருகிறது. அதே அதிகாரத்தில்தான் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதும் இருக்கிறது. இயேசு சொன்னதாக மட்டும் பலர் நினைத்துக்கொண்டிருக்கும் வசனம், நாம் தாண்டிப்போகிற புத்தகத்தில் கிடக்கிறது.

பழைய பைபிள் தமிழ் புரியவில்லை. புது மொழிபெயர்ப்பு வாசித்தால் தப்பா?

தப்பே இல்லை. சீகன்பால்க் தொடங்கி ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்ததே ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்றுதான். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் 1995இல் வந்தது. இன்னும் எளிய தமிழிலும் பதிப்புகள் கிடைக்கின்றன. பக்கத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பழையதை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஒரு உதாரணம் போதும். ரோமர் 10:17இல் "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று இருக்கிறது. ஒரு கல்லூரி மாணவன் என்னிடம், நிறையக் கேள்வி கேட்டால் விசுவாசம் வருமா என்று கேட்டான். நல்ல சந்தேகம்தான். அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் எந்தப் பொருளில் இருக்கிறதோ அதே பொருள். அவனுக்கு அன்று ஒரு வசனமும் புரிந்தது, ஒரு தமிழ்ச் சொல்லும் திரும்பக் கிடைத்தது.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வசனம். இவை போதாதா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் அட்டை எடுக்கும்போது எனக்கும் கை நடுங்கும். அதை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. பலருக்கு அந்த ஒரு வசனம்தான் வருஷம் முழுக்கத் துணை. ஆனால் அட்டை ஒரு வாசல், வீடு உள்ளே இருக்கிறது.

அடிக்கடி வருகிற எரேமியா 29:11ஐயே எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தான். எல்லாரும் கேட்க ஆசைப்படுகிற செய்தி. எரேமியாவோ 70 வருஷம் என்று எழுதுகிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். அந்த எழுபதுக்கு அடுத்த வரியில்தான் நம் அட்டை வசனம். கடிதத்தை வாங்கிய பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் தேவன் அதைச் சொன்னார். வேலை கிடைக்காமல் மூன்றாம் வருஷமாகக் காத்திருக்கும் ஒருவருக்கு, அட்டையில் இருக்கும் ஒரு வரியைவிட அந்த முழுக் கடிதம் எவ்வளவு பெரிய ஆறுதல்!

போனில் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டே வாசிப்பவர்களுக்கு அது பெரிய உதவி. மற்ற அறிவிப்புகளை மட்டும் நிறுத்தி வையுங்கள். பைபிளில் சங்கீதப் புத்தகம் வாசிக்கும்போது நடுவில் சமையல் எரிவாயு மானியச் செய்தி வந்தால் திரும்பி வருவது கஷ்டம்.

மனப்பாடம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே? இந்த வயதில் எதற்கு?

சங்கீதம் 119:11இல் "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்று வருகிறது. வைத்தேன் என்று சொல்லி விடவில்லை, வைத்துவைத்தேன். அரிசிப் பானைக்குள் அம்மாமார் அவசரத்துக்கென்று பணம் வைத்துவைப்பார்களே, அந்தச் சொல்.

என் அம்மாவுக்குக் கடைசி மூன்று வருஷம் கண் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பேன். அவசரத்தில் ஒரு வசனத்தை விட்டுவிட்டால், கண்ணை மூடியபடியே அதைச் சொல்லிவிட்டு, "ம், மேல வாசிப்பா" என்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆஸ்பத்திரியில் பேச்சு குழறிய நாட்களிலும் 23ஆம் சங்கீதம் மட்டும் குழறாமல் வந்தது. அது அன்று படித்தது அல்ல, அறுபது வருஷத்துக்கு முன் ஞாயிறு பள்ளியில் படித்தது. எந்த நாளுக்காக வைத்துவைக்கிறோம் என்பது வைக்கிற அன்று தெரியாது.

வாரத்துக்கு ஒரு வசனம் போதும். சமையல்கட்டில் ஒட்டி வையுங்கள்.

பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி?

நீங்கள் வாசிப்பதை அவர்கள் பார்க்கட்டும். குடும்ப ஜெபத்தை நீட்டாதீர்கள். வசனம் ஒப்பிக்காததற்குச் சாப்பாட்டு நேரத்தில் திட்டு வாங்கிய பிள்ளைக்கு வசனத்தைப் பார்த்தாலே அந்தத் திட்டுதான் ஞாபகம் வரும். எஸ்தர், யோனா போன்றவற்றைக் கதையாக முழுதும் வாசித்துக் காட்டுங்கள், பாதியில் நிறுத்தி நீதி சொல்லாதீர்கள்.

கிழிந்துபோன பழைய பைபிளை என்ன செய்வது?

பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வராது என்றால் போடவேண்டாம். பைண்டிங் செய்தால் இன்னும் இருபது வருஷம் உழைக்கும். முடியாத நிலையில் இருந்தால் மண்ணில் புதைப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஓரத்தில் தாத்தா பாட்டி கையெழுத்து இருந்தால் மட்டும் எந்த நிலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டு ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. எங்கே தொடங்க?

நெகேமியா 8இல் சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு முன்னால் கூடுகிறார்கள். எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை வேதத்தை வாசிக்கிறார். லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள். கேட்டவர்கள் அழுதுவிடுகிறார்கள், இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று. அழவேண்டாம், போய்க் கொழுமையானதைச் சாப்பிட்டு, மதுரமானதைக் குடித்து, ஒன்றும் இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்று சொல்லப்படுகிறது. திரும்பி வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது விருந்து.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். முழுவதும் ஒரே மூச்சில் வாசித்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அவ்வளவு அவசரம் வேண்டாம். இன்று ராத்திரி முதல் அதிகாரம், 45 வசனம். கடைசியில் ஒரு குஷ்டரோகி வருவான். "உமக்குச் சித்தமானால்" என்று அவன் ஆரம்பிக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, இயேசு அவனுக்கு என்ன பதில் சொன்னார் என்று சத்தமாக வாசியுங்கள். வியாழக்கிழமை வந்து என்னிடம் சொல்லுங்கள்.